லாரி வராத நாள்

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்வதைக் கேட்டு யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள். குடி கிடையாது, சூது கிடையாது, அடுத்த வீட்டு வாசலை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். யாரையாவது நாலு பேர் புகழ்ந்தால் இவருக்கு வயிறு எரியும். அந்த யாரோ என் தம்பியாக இருந்துவிட்டால் அடுப்பே தேவையில்லை, அந்த எரிச்சலிலேயே உலை வைத்துவிடலாம்.

அது எங்கே பற்றியது என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது மழை பொய்த்தது. பானையில் விதைக்கென்று எடுத்து வைத்திருந்த சோளத்தை அவர் அம்மா கஞ்சி காய்ச்சிவிட்டார். பிள்ளைகள் பசியில் அழுதால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். அடுத்த வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊரே விதைத்தது. இவர்கள் வீட்டில் விதைக்க ஒரு மணி இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். அப்பா பக்கத்து வயலுக்குக் கூலிக்குப் போக, இவர் வரப்பில் உட்கார்ந்து அடுத்தவன் பயிர் முழங்கால் உயரம் வருவதையும், இடுப்பு உயரம் வருவதையும், கதிர் விடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். கல்யாணமான புதிதில் இதை என்னிடம் சொன்னார். அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பயிர்ல பூச்சி விழணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன்" என்றார்.

"விழுந்துச்சா?"

"எங்க! அமோக விளைச்சல்."

அத்தனை வருஷம் கழித்தும் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

அந்தப் பையன் படித்து, விதைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தது ஆச்சரியமில்லை. ஒரு நீளமான அறை, இரண்டு ஜன்னல், சுவரோரம் வரிசையாகத் தகர டிரம்கள். ஒவ்வொரு டிரம்மையும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார், எலி மூத்திர வாசனை வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. கொஞ்சம் மணிகளை எடுத்து ஈரத் துணியில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. குழாயில் தண்ணீர் நின்றுபோன நாட்களில், தன் பங்குக் குடிதண்ணீரில் துணியை நனைப்பார். எனக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட மறந்துவிடுவார், அதற்கு மட்டும் மறக்கமாட்டார். எனக்குச் சக்களத்தி இல்லையென்று யார் சொன்னது? வரிசையாக நிற்கிறார்கள், தகரத்தில்.

நல்ல மழை பெய்த காலத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வரப்பை உயர்த்துங்கள், குட்டையைத் தூர் வாருங்கள், சீக்கிரம் விளையும் ரகத்தைப் போடுங்கள், ஒரே பயிரை நம்பாதீர்கள் என்று தொண்டை வற்றப் பேசுவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் அவர் திரும்பியதும் போய்ப் படுத்துக்கொள்வார்கள். "இதெல்லாம் எப்ப சார் பலன் குடுக்கும்?" என்று கேட்டால், "பொறுங்க, மூணு வருஷத்துல தெரியும்" என்பார். அதனால் அவருக்குப் 'பொறுங்க சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று வருஷம் கழித்துக் குட்டையில் தண்ணீர் நின்றபோது, "இந்த வருஷம் நல்ல மழை" என்றார்களே தவிர, ஒருவரும் இவரைச் சொல்லவில்லை.

பிறகு வானம் கையை விரித்தது. ஒரு வருஷம் போய், இரண்டாவது வருஷமும் போனது. தூர் வாரிய குட்டைக்காரர்கள் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் அவர்களும் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கிற வேலை எனக்கு. தொங்கு தராசில் துணித் தொட்டிலைக் கட்டி, அதில் பிள்ளையைப் போட்டு முள்ளைப் பார்க்கவேண்டும். கையைச் சுற்றி ஒரு நாடா வைத்து அளக்கவேண்டும். பச்சையில் நின்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் அன்றைக்கே படுக்கை. அந்த வருஷம் பச்சை என்று ஒரு நிறம் இருந்ததே எனக்கு மறந்துபோனது.

அப்போதுதான் நிவாரண லாரி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் என் தம்பி.

நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். படிப்பு ஏறவில்லை, ஆனால் பேச்சும் சிரிப்பும் நன்றாக ஏறியது. லாரியை விதைக் கிடங்கு முன்னால் நிறுத்தி, பின்கதவைத் தடாலென்று திறந்து, "யாரும் முட்டாதீங்க, எல்லாருக்கும் இருக்கு! பாட்டி, நீங்க முன்னாடி வாங்க!" என்று கத்தினால் பஞ்சம் பாதி ஓடிப்போனது போலிருக்கும். நிவாரணக் கிடங்குக்கு வேறு இடம் கிடைக்காமல், விதைக் கிடங்குக் கட்டடத்திலேயே பாதியைத் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஊரே திரண்டு நிற்கும். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ஈ ஓட்டிக்கொண்டு, சுவர் வழியே வருகிற ஒவ்வொரு வாழ்த்தையும் காதில் வாங்கிக்கொண்டிருப்பார்.

"மகராசன்! நீ நல்லா இருக்கணும்!"

"உன் கை வாடாம இருக்கணும்யா!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "உன் தம்பி கை ஒண்ணும் வாடல. நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கு" என்பார்.

தம்பி எங்கள் வீட்டில்தான் தங்கினான். இரண்டே அறை. பகல் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வருகிறவன் என்று, சட்டியின் அடியில் இருப்பதையும் வழித்து அவன் தட்டில் போட்டுவிடுவேன். வீட்டுக்காரர் தன் தட்டைப் பார்ப்பார், அவன் தட்டைப் பார்ப்பார், பிறகு கூரையைப் பார்ப்பார். வாயைத் திறந்தால் மட்டும் பேச்சு வேறு எங்கோ போகும்.

"மாப்ளே, உன் லாரி வந்ததுலேர்ந்து வரப்புல ஒருத்தன் மண்வெட்டி போடல தெரியுமா? வாரத்துல மூணு நாள் உன் வரிசையிலயே போகுது. மழை வந்தா தண்ணி எங்க நிக்கும்?"

"பசிச்சவன் கையில மண்வெட்டி நிக்குமா அத்தான்? மொதல்ல வயித்துக்கு, அப்புறம் வரப்புக்கு."

"அப்புறம் அப்புறம்னு சொல்லியே அடுத்த பஞ்சம் வந்துரும். அப்பவும் நீ ஹாரன் அடிச்சுக்கிட்டு வருவே."

"வருவேன். நான் வராம யாரு வருவா?"

அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். இவருக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். நான் நாடாவில் சிவப்பைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் என் ஓட்டு தம்பிக்கு. போன வாரம் தேறிப்போன பிள்ளையே இந்த வாரம் மறுபடி தராசுக்கு வந்தால் என் ஓட்டு இவருக்கு. ஆனால் இவர் பேச்சில் நியாயம் ஒரு கைப்பிடி, எரிச்சல் ஒரு மூட்டை. கேட்கிறவர்களுக்கு மூட்டைதான் முதலில் தெரியும்.

ஒருநாள் ஒரு பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். லாரிக்காரத் தம்பியின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருக்கிறாளாம். தம்பி வெட்கத்தில் நெளிந்தான். நான் பிள்ளையை வாங்கிக் கொஞ்சினேன். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் துவைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "என் பேரை ஒரு ஆட்டுக்குட்டிக்காவது எவனாவது வெச்சானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது, ஆனால் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. மேலதிகாரிகள் கூடி, இந்தத் தடவை விதையும் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று பிடிவாதமாக ஒரு விதியைச் சேர்க்கவைத்தார். விதை போகிற வீட்டுக்கு அதே நாளில் சாப்பாட்டு மூட்டையும் போகவேண்டும். பயிர் தலைகாட்டும்வரை தின்ன ஏதாவது இருந்தால்தான் விதை மண்ணுக்குப் போகும். இல்லையென்றால் சட்டிக்குப் போகும். இதை அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தன் அம்மாவின் பானையைப் பற்றி அங்கே சொல்லவில்லை, ஆனால் குரல் உடைந்துபோனதாகத் தம்பி வந்து சொன்னான்.

"அத்தான் பேசுனதுல எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்க அக்கா. நான் உடனே எந்திரிச்சு, மூட்டைக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன்."

"ஆமா, அதுக்குத்தான் கைதட்டுனாங்க" என்றார் இவர். "பேசுனது நான். கைதட்டு இவனுக்கு."

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து, சாயங்காலம்வரை விடாமல் பெய்தது. தெருவில் ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினார். முழங்கையளவு தோண்டி, ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தார். "நல்லா எறங்கியிருக்கு. ஆறு நாள் தாங்கும்" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் கட்டடத்து முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நானும் அன்றைக்கு அங்கேதான் ஒரு மரத்தடியில் தராசைக் கட்டியிருந்தேன். லாரியைக் காணோம். தம்பி போனில் கூப்பிட்டான். சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"அத்தான், பாலத்துக்கு மேல தண்ணி போகுது. வண்டி இந்தப் பக்கமே நிக்குது. ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க, வந்துருவேன்."

"சரி" என்று போனை வைத்தார்.

கூட்டத்தில் யாரோ, "லாரிக்காரத் தம்பி எப்ப சார் வருவாரு?" என்று கேட்டார்கள். இன்னொருவன், "அவரு இல்லாம இங்க என்ன இருக்கு, வாங்க போவோம்" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரரின் காது சிவந்ததை நான் மரத்தடியிலிருந்தே பார்த்தேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

தராசில் கிடந்த பிள்ளையை அதன் அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

"என்ன பண்றீங்க?"

"விதை குடுக்கப் போறேன்."

"மூட்டை இல்லாமயா? நீங்க சொன்ன விதிதானே அது?"

"ஈரம் போயிடும்."

"ஆறு நாள் தாங்கும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. "ஏன், உன் தம்பி வந்தாத்தான் இந்த ஊர்ல ஒரு நல்லது நடக்கணுமா?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! விதை குடுக்கிறோம்!" என்று கத்தினார். அத்தனை வருஷத்தில் அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்தார்கள். சுவரின் அந்தப் பக்கத்து வரிசை அப்படியே வளைந்து இந்தப் பக்கம் வந்தது. டிரம்மைச் சாய்த்து, படியால் அளந்து அளந்து போட்டார். நீட்டிய துணியில், முந்தானையில், தொப்பியில். ஒவ்வொருவரிடமும், "விதைக்கிறதுக்கு மட்டும்தான், என்ன? தின்னுடக் கூடாது" என்று சொன்னார். "ஐயோ, தின்னுவமா சார்?" என்றார்கள். அந்த வருஷம் விதையில் கலக்கும் பூச்சிமருந்துப் பொடி வந்து சேரவில்லை. கலந்திருந்தால் ஊரே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும். மத்தியானத்துக்குள் டிரம்கள் எல்லாம் காலி. என் சக்களத்திகள் ஒருத்தி பாக்கியில்லாமல் வீட்டைவிட்டுப் போனார்கள், எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தார், கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார், எதையோ முணுமுணுவென்று பாடினார். "பாத்தியா கூட்டத்தை? ஒருத்தன் என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான்" என்றார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் நான் எடை பார்க்கவேண்டிய ஊர் ஆற்றோரம் இருந்தது. விதைப்பைப் பார்க்கவேண்டும் என்று அவரும் சைக்கிளில் கூடவே வந்தார். தராசைப் பின்னால் கட்டிவிட்டு நான் முன்கம்பியில் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக நிலம் கறுத்து, ஈரமாக, உழவுக்குத் தயாராக இருந்தது. ஒரு வயலைத் தாண்டினோம். ஆள் இல்லை. இன்னொன்றைத் தாண்டினோம். ஆள் இல்லை. ஒரே ஒரு கிழவர் மட்டும் ஒரு மூலையில் நாலு வரிசை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மிதிப்பது மெதுவாகிக்கொண்டே வந்தது. ஊருக்குள் நுழைந்தபோது எல்லாக் கூரையிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. காலையில் அந்த நேரத்துக்கு அந்த ஊரில் புகை வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

நான் ஒரு வீட்டு முன்னால் தராசைக் கட்டினேன். வழக்கமாக என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுகிற பிள்ளை ஒன்று அன்றைக்குத் தொட்டிலில் போட்டதும் தூங்கிப்போனது. வாயோரம் கஞ்சி காய்ந்திருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா ஓடி வந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மகராசன்! லாரி வராத நாள்ல எங்க வயித்தை நெறைச்சீங்க. லாரித் தம்பி குடுக்கிறதைவிட இது நல்லா ருசியா இருக்கு சார். கொஞ்சம் விதைக்கலாம்னுதான் பாதி எடுத்து வெச்சேன். சின்னவன் விடல."

உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து நீட்டினாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் எட்டிப் பார்த்து வாழ்த்தினார்கள். யார் முகத்திலும் குற்றம் இல்லை. குற்றம் செய்ததாகத் தெரிந்தால்தானே? இத்தனை காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டு அவர் வெந்துபோன அதே வார்த்தைகள். இப்போது அவருக்கே, நேருக்கு நேர். அவர் கிண்ணத்தை வாங்கினார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நின்றபடியே ஒரு பருக்கை மிச்சமில்லாமல் குடித்தார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருக்கும்மா" என்றார். அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவரைத் திட்டவும் வரவில்லை.

சொன்னபடி லாரி மறுநாள் வந்துவிட்டது. ஈரம் இன்னும் மூன்று நாள் மிச்சமிருந்தது. தம்பி சேறு அப்பிய வண்டியிலிருந்து குதித்து, முதல் வேலையாக விதைக் கிடங்குப் பக்கம்தான் வந்தான்.

"அத்தான், மூட்டை வந்துருச்சு. விதையை எடுங்க, சேர்த்தே குடுத்துருவோம்."

"விதை இல்ல மாப்ளே. நான் குடுத்துட்டேன். தின்னுட்டாங்க."

ஒன்றையும் மறைக்கவில்லை, யார் மேலும் பழி போடவில்லை. தம்பி திறந்து கிடந்த டிரம்களைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், இவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவன் அருகில் வந்து இவர் தோளில் கை வைத்தான்.

"விடுங்க அத்தான். கவலைப்படாதீங்க. அடுத்த வருஷமும் நம்ம லாரி ஓடும்."

அன்பாகத்தான் சொன்னான். என் தம்பிக்குச் சூது தெரியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு லாரிக்குப் பின்னால் போனார். ஓரத்திலிருந்த மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரு கை சோளத்தை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் பார்த்தார். நகத்தால் கீறினார். மோந்தார். ஒரு மணியைக் கடித்தார். வரிசை நின்றுவிட்டது, எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"ரொம்பப் பழசு" என்றார். "இது மொளைக்காது மாப்ளே. தின்னத்தான் ஆகும்."

"தின்னத்தானே அத்தான் கொண்டுவர்றேன்" என்றான் தம்பி.

அவர் கையிலிருந்ததை ஒரு மணிகூடச் சிந்தாமல் மூட்டைக்குள் போட்டுவிட்டு, வரிசைக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.